பனிக்குத் தப்பிய செடி



தை மாதத்தில் நுவரெலியாப் பக்கம் வாழ்பவர்களுக்கு உறைபனியைப் பற்றி எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பகல் முழுவதும் வெயில் பளிச்சென்று அடிக்கும். மாலையில் வானத்தில் ஒரு துண்டு முகில்கூட இராது. காற்றும் அடங்கிவிடும். "இன்றைக்குப் பனி கொட்டும்" என்று பெரியவர்கள் சொல்லிக் கம்பளியை இழுத்துப் போர்த்திக் கொள்வார்கள். விடிந்து பார்த்தால் புற்றரை முழுவதும் சுண்ணாம்பு தூவியது போல வெளுத்துக் கிடக்கும்.

வெயில் ஏறியதும் அந்த வெண்மை மறைந்துவிடும். அது மறைந்த பின்னர்தான் சேதம் கண்ணுக்குத் தெரியும். உருளைக்கிழங்குப் பாத்தியின் இலைகள் வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு கறுத்திருக்கும். போஞ்சிக் கொடியும் தக்காளியும் தலை சாய்ந்திருக்கும். பள்ளத்தில் உள்ள தேயிலை மலைகளில் இளங்கொழுந்து நெருப்பில் வாட்டியது போலக் கருகியிருக்கும். அந்த மலையில் மறுபடி கொழுந்து எடுக்கச் சில வாரங்கள் செல்லும். அதுவரை வேலை நாள் குறையும். வேலை நாள் குறைந்தால் சம்பளமும் குறையும். ஆகவே பனி என்பது நமது மக்களுக்கு வெறும் குளிர் மட்டுமல்ல. அடுப்பில் ஏறும் சோற்றுப் பானையோடு சம்பந்தப்பட்ட காரியம்.

இப்படிப்பட்ட காலைப் பொழுதில் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பவர்கள் சில வேளைகளில் ஒரு வியப்பைக் காண்கிறார்கள். பிழைக்கவே பிழைக்காது என்று எண்ணிய செடி பிழைத்து நிற்கிறது. கீழ்நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த கறிவேப்பிலைக் கன்றாக அது இருக்கலாம். சாக்குப் போட்டு மூட மறந்துபோன தக்காளிச் செடியாக இருக்கலாம். சுற்றிலும் வலிய செடிகள் கருகிக் கிடக்க, மென்மையான இச்செடி மட்டும் பச்சையாக நிற்கிறது.

பார்த்தவர்கள் சும்மா போவதில்லை. ஒருவர், "கடவுள் காப்பாற்றினார்" என்கிறார். இன்னொருவர், "இது நல்ல சாதிச் செடி, அதுதான் தாங்கிவிட்டது" என்கிறார். மூன்றாமவர், "பார்த்தீர்களா, இதை மூடவே தேவையில்லை. அடுத்த வருடமும் வெளியே விடலாம்" என்கிறார். நான்காமவர், "எல்லாம் அதிர்ஷ்டம்" என்று சொல்லி நடந்துவிடுகிறார்.

செடியைப் பற்றி என்ன சொன்னாலும் பெரிய தீமை விளையப் போவதில்லை. ஆனால் இதே நான்கு பேச்சுக்களையும் நாம் மனிதரைப் பற்றியும் பேசுகிறோம். நோயில் பிழைத்த பிள்ளையைப் பற்றி, வறுமையில் படித்து முன்னேறிய மாணவனைப் பற்றி, மண்சரிவில் தப்பிய குடும்பத்தைப் பற்றி, ஏன், மலையகத்தில் வாழும் ஒரு சமூகம் முழுவதையும் பற்றிப் பேசுகிறோம். ஆகவே, ஒன்று பிழைத்திருக்கிறது என்றால் அதிலிருந்து நாம் எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யக் கூடாது என்ற கேள்வி சிறிய கேள்வி அல்ல. இவ்வாரம் அதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

பனி கொல்லும் விதம்

முதலில் செடியையே பார்ப்போம். பகலில் வெயில் பட்டு மண்ணும் சுவரும் கல்லும் வெப்பத்தைச் சேர்த்து வைக்கின்றன. இரவில் அந்த வெப்பம் வானத்தை நோக்கி வெளியேறுகிறது. முகில் இருந்தால் அது போர்வை போல நின்று வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். முகில் இல்லாத இரவில் போர்வையும் இல்லை. காற்று வீசினால் மேலே உள்ள சற்று வெப்பமான காற்று கீழே உள்ள குளிர்ந்த காற்றோடு கலக்கும். காற்றும் அடங்கினால் அதுவும் இல்லை. ஆகையால்தான் நாலடி உயரத்தில் வெப்பமானி 3 பாகை அல்லது 4 பாகை காட்டும் வேளையிலும், தரையோடு ஒட்டிய புல்லும் இலையும் 0 பாகைக்குக் கீழே போய்விடுகின்றன. இலையில் பனி உறைகிறது. இலைக்குள்ளே கலங்களுக்கு இடையில் இருக்கும் நீர் உறைந்து, கலங்களுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடுகிறது. செடி தண்ணீர் நடுவே தாகத்தால் மடிவது போல மடிகிறது.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே அதுவும் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. எனவே மேட்டில் உள்ள செடி தப்பும்போது பள்ளத்தில் உள்ள அதே சாதிச் செடி கருகிவிடும். மேட்டில் நின்றது செடியின் கெட்டித்தனம் அன்று. நட்டவர் அங்கே நட்டார், அவ்வளவுதான்.

அப்படியானால் வெளியே விடப்பட்ட அந்த மென்மையான செடி எப்படிப் பிழைத்தது? தேடிப் பார்த்தால் பெரும்பாலும் விடை அருகிலேயே இருக்கும். அது கருங்கற் சுவரின் ஓரமாக நின்றிருக்கும். பகலில் வெயிலை வாங்கிய கல் இரவெல்லாம் அதற்குச் சூடு கொடுத்திருக்கும். அல்லது சுவரின் மறுபக்கத்தில் அடுப்பு இருந்திருக்கும். அல்லது லயத்தின் தகரக் கூரை ஒரு முழம் நீண்டு அதன் தலைக்கு மேலே வந்து, வானத்தை அதற்கு மறைத்திருக்கும். பெரிய மரத்தின் கிளை ஒன்று குடையாக நின்றிருக்கலாம். முந்திய மாலை யாரோ கை கழுவிய தண்ணீர் அதன் வேரடியில் ஊறியிருக்கலாம். ஈர மண் காய்ந்த மண்ணைவிடப் பகல் வெப்பத்தை அதிகமாகச் சேர்த்து வைத்திருக்கும் அல்லவா?

வெளியே நின்ற செடி என்று நாம் சொன்னோம். உண்மையில் அது முழுவதும் வெளியே நிற்கவில்லை. நமது கண்ணுக்குப் படாத ஒரு மறைவு அதற்கு இருந்தது.

இன்னொன்றையும் நினைவில் வைப்போம். நமது மலைநாட்டை அழகுபடுத்தும் செடிகளிற் பல தூர தேசங்களிலிருந்து வந்தவை. டேலியா மெக்சிக்கோவின் பூ. நாம் ஜெரேனியம் என்று சட்டியில் வளர்ப்பது தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளுக்குச் சொந்தம். 1861இல் ஹக்கலையில் தாவரவியல் தோட்டம் அமைத்தபோது, அங்கே முதலில் பயிரிட்டுப் பார்த்தது அந்தீஸ் மலையின் சிங்கோனா மரத்தை. இங்கிலாந்தில் டேலியாவின் கிழங்கைக் குளிர்காலத்துக்கு முன் தோண்டி எடுத்து உள்ளே வைப்பார்கள். இங்கே அது வருடம் முழுவதும் வாசலில் நிற்கிறது. நிற்பதைப் பார்த்துப் பார்த்து அது மென்மையான செடி என்பதையே நாம் மறந்துபோகிறோம். கடும் பனி விழும் ஓர் இரவுதான் அதை நினைவூட்டுகிறது.

பிழைத்தவர் நல்லவரா?

இப்போது மனிதருக்கு வருவோம். பிழைத்தது நல்ல சாதி, மடிந்தது கெட்ட சாதி என்ற பேச்சு மிகப் பழையது. ஆண்டவர் இயேசுவின் காலத்திலும் அது இருந்தது. எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டனர். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று மக்கள் எண்ணினர். ஆண்டவர் அந்த எண்ணத்தை அடியோடு மறுத்தார் என்பதை லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மாண்டவர்களின் பாவத்தைக் கணக்கிடுவதை விட்டு, உயிரோடிருப்பவர்கள் தங்கள் வாழ்வைத் திருத்திக் கொள்ள வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

கோபுரம் விழுந்தபோது தப்பியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவராவது, "நான் நேற்று நோன்பிருந்தேன், அதனால்தான் தப்பினேன்" என்று பெருமை பேசியிருக்க மாட்டாரா? மனித இயல்பு அப்படிப்பட்டது. நமக்கு நன்மை வந்தால் அதற்கு நமது தகுதியே காரணம் என்கிறோம். அயலானுக்குத் தீமை வந்தால் அதற்கும் அவனது தகுதியின்மையே காரணம் என்கிறோம். இரண்டு கணக்கிலும் நமக்கே இலாபம்.

விசுவாசம் இல்லாத ஒருவர் கேட்ட கேள்வியும் இங்கே நமக்கு உதவும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியாகோராஸ் என்ற கிரேக்கரைப் பற்றி ரோமப் பேச்சாளர் சிசரோ எழுதி வைத்திருக்கிறார். கடற்புயலில் தப்பியவர்கள் நேர்ச்சையாக வைத்த படங்களை ஒரு கோவிலில் அவருக்குக் காட்டி, தெய்வம் காப்பாற்றுகிறது என்பதற்கு இது சான்றல்லவா என்று கேட்டார்களாம். மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

நாத்திகர் கேட்டார் என்பதற்காக இக்கேள்வியை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. நமது திருத்தலங்களிலும் வெள்ளியில் செய்த கண்ணும் காலும் கையும் காணிக்கையாகத் தொங்குகின்றன. அவை உண்மையான நன்றியின் அடையாளங்கள். ஆனால் அதே திருத்தலத்துக்கு அதே கண்ணீரோடு வந்து, பிள்ளையைப் பறிகொடுத்துத் திரும்பிப் போன தாய்க்கு அங்கே தொங்கவிட ஒன்றுமில்லை. அவளும் நமது சகோதரி. அவளது செபமும் செபமே. காணிக்கைகளைப் பார்க்கும்போது, அங்கே தொங்காதவற்றையும் எண்ணிப் பார்ப்பவனே முழு உண்மையைப் பார்க்கிறான்.

தாங்கியதா, தப்பியதா?

முதல் தவறைவிட இரண்டாவது தவறு கொடியது. "பிழைத்துவிட்டது அல்லவா? ஆகவே பனி அதற்கு ஒன்றும் செய்யாது" என்பது அந்தத் தவறு. ஒரு செடி ஓர் இரவு தப்பியதை வைத்து, அது பனியைத் தாங்கும் என்று முடிவு கட்டுகிறோம். தப்புவது வேறு, தாங்குவது வேறு. தப்பிய செடி உள்ளே நலிந்திருக்கக் கூடும். மறுநாள் இரவு அது மடியவும் கூடும்.

இந்தத் தவறு நமது மக்களின் வரலாற்றில் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். 1820கள் தொடக்கம் கோப்பித் தோட்டங்களுக்காகவும், பின்னர் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பிறகு தேயிலைத் தோட்டங்களுக்காகவும், நமது முன்னோர் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். தொடக்க காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தார்கள். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் அதே திசையில் நடந்தார்கள். அந்த நடை, வந்து சேர்ந்தவர்களை நினைத்தது போலவே வந்து சேராதவர்களையும் நினைத்தது. அதுவே அதன் சிறப்பு.

வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது லயக் காம்பிரா. காற்றும் புகையும் ஒரே வழியால் வந்து போகும் சிறிய அறை. அதில் பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், கொழுந்து எடுத்தார்கள். உடனே ஒரு நியாயம் பிறந்தது: "இவர்கள் இப்படி வாழப் பழகியவர்கள். இவர்களுக்கு இது போதும்." 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, அவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினை 2003இல் நிறைவேறிய சட்டம்வரை இழுபட்டது. இந்த நீண்ட காலத்திலும், "அவர்கள் எப்படியோ வாழ்கிறார்கள்தானே" என்று சொல்லித் தம் மனச்சாட்சியைத் தூங்க வைத்தவர்கள் எத்தனை பேர்! வாசலில் நின்ற டேலியாவை வெளிநாட்டுச் செடி என்று யாரும் பிடுங்கவில்லை. அதன் அருகே நின்று தண்ணீர் ஊற்றியவனிடம்தான் பத்திரம் கேட்டார்கள்.

பிழைத்தவர்களைக் காட்டி, பிழைக்க வைக்கத் தேவையில்லை என்று வாதிடும் நியாயம் இது. செத்தவர்கள் வந்து மறுத்துப் பேச மாட்டார்கள் என்பதால் இந்த வாதம் எப்போதும் வென்றுவிடுகிறது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. அதன் பின்னரும் எத்தனையோ மழைக்காலங்கள் வந்து போயின. லயங்கள் நின்றன. நின்ற ஒவ்வொரு வருடமும், ஆபத்து இல்லை என்பதற்குச் சாட்சி போலத் தோன்றியது. ஆனால் மலை ஒவ்வொரு மழையிலும் சிறிது சிறிதாகத் தளர்ந்து கொண்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் மலைநாட்டின் பல இடங்களில் மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. "போன வருடம் ஒன்றும் நடக்கவில்லை" என்ற சொல்லை நம்பி ஒரு குடும்பத்தை அபாயமான சரிவில் இருக்க விடுவது, பனிக்குத் தப்பிய செடியை மறு வருடமும் மூடாமல் விடுவதைப் போன்றதுதான். வித்தியாசம், இங்கே கருகுவது இலை அல்ல.

நமது வீடுகளுக்குள்ளும் இந்த நியாயம் குடியிருக்கிறது. "நானும் அப்பாவிடம் அடி வாங்கித்தான் வளர்ந்தேன், எனக்கு என்ன குறைந்துவிட்டது?" என்று சொல்லிப் பிள்ளையை அடிக்கும் தகப்பன், அடியால் ஒடிந்துபோன தன் வயதுக் கூட்டாளியை நினைத்துப் பார்ப்பதில்லை. "குப்பி விளக்கில் படித்து அந்தப் பையன் பல்கலைக்கழகம் போகவில்லையா?" என்று தன் பிள்ளைகளைக் கேட்கும் தாய், அதே குப்பி விளக்கின் முன்னால் கண்ணெரிந்து, பத்தாம் வகுப்போடு நின்று, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பிள்ளைகளை எண்ணுவதில்லை. அந்த ஒருவனைப் பாராட்டுவோம், பாராட்ட வேண்டியவன்தான். ஆனால் அவனை ஒரு தடியாக எடுத்து மற்றவர்களை அடிக்க வேண்டாம்.

துன்பம் உரமாகுமா?

இங்கே ஒரு வாசகர் குறுக்கிட்டு, "துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று பூசைப் பிரசங்கத்தில் குருக்கள் சொல்வதில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

செடியிலும் இதற்கு ஓர் உண்மை உண்டு. குளிர் சிறிது சிறிதாக வந்தால் பல செடிகள் தம்மைத் தயார் செய்து கொள்ளும். கலங்களில் சர்க்கரை சேரும். இலை முற்றிக் கெட்டிப்படும். முற்றிய இலை தாங்கும் குளிரை இளங்கொழுந்து தாங்குவதில்லை. அளவான கஷ்டம், வேருக்குச் சேதமில்லாத கஷ்டம், செடியை உறுதியாக்கும் என்பது மெய். ஆனால் ஒரே இரவில் விழும் கடும் பனி எதையும் கற்றுக் கொடுப்பதில்லை; அது கொல்கிறது.

மனிதர் விஷயத்தில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அதை நீங்கள் கவனமாகச் சிந்திக்க வேண்டுகிறோம். "இந்தத் துன்பம் என்னை மனிதனாக்கிற்று" என்று துன்பப்பட்டவன் தானே சொன்னால், அது ஒரு சாட்சியம். நாம் தலை வணங்கிக் கேட்க வேண்டும். அதையே பக்கத்தில் நின்று பார்த்தவன், "இந்தத் துன்பம் உனக்கு நல்லது" என்று சொன்னால், அது சாட்டுப் பேச்சு. துன்பத்துக்குக் காரணமானவனே சொன்னால், அது அநியாயத்துக்கு மேல் அநியாயம். சொல் ஒன்றுதான், யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அது உண்மையாகவும் பொய்யாகவும் ஆகிவிடுகிறது. சிலுவையை ஒருவன் தன் தோளில் ஏற்றுக் கொள்ளலாம். அயலானின் தோளில் ஏற்றிவிட்டு அதன் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

அப்படியானால் நன்றி சொல்லலாமா?

"எல்லாம் தற்செயல் என்று சொல்லச் சொல்கிறீர்களா? என் பிள்ளை காய்ச்சலில் பிழைத்ததற்கு மெழுகுதிரி ஏற்றக் கூடாதா?" என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வது?

ஏற்றுங்கள் தாயே, தாராளமாக ஏற்றுங்கள். நன்றி சொல்வது வேறு, காரணம் சொல்வது வேறு. நன்றி சொல்பவர், "எனக்குக் கொடுக்கப்பட்டது" என்கிறார். காரணம் சொல்பவர், "எனக்குக் கொடுக்கப்பட்டது ஏனென்றால்..." என்று தொடங்குகிறார். அந்த 'ஏனென்றால்' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் அயல் வீட்டுக்காரியின் மனதைக் குத்தும் முள் இருக்கிறது. அடுத்த காம்பிராவில் அதே காய்ச்சலில் பிள்ளையை இழந்தவள் இருக்கிறாள். நமது நன்றி அவளது காதில் குற்றச்சாட்டாக விழுந்தால், அந்த நன்றியில் ஏதோ கோளாறு இருக்கிறது. மெழுகுதிரியை ஏற்றிவிட்டு, போகும் வழியில் அவளது வாசலில் சற்று உட்கார்ந்து வந்தால் அந்த நன்றி முழுமை பெறும்.

தற்செயல் என்று சொல்லிக் கைகழுவுவதும் சரியன்று. செடி பிழைத்ததற்குச் சுவரும் கூரையும் ஈரமண்ணும் காரணம் என்று கண்டோம். பிள்ளை பிழைத்ததற்கும் காரணங்கள் உண்டு. இரவில் அதைத் தூக்கிக் கொண்டு ஓடிய பக்கத்து வீட்டு அண்ணன், நேரத்துக்குக் கிடைத்த லொறி, தூங்காமல் பார்த்த தாதி. இறைவன் முதற் காரணமாக இருந்தாலும், படைப்புக்களைத் துணைக் காரணங்களாகக் கொண்டே பெரும்பாலும் செயலாற்றுகிறார் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினார் விளக்கியிருக்கிறார். ஆகவே கடவுளுக்கு நன்றி சொல்வதும், அந்த அண்ணனுக்கும் தாதிக்கும் நன்றி சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. அதுபோலவே, ஒரு பிள்ளை இறந்தால், இறைவனின் சித்தம் என்று சொல்லி முடித்துவிடாமல், அந்த இரவில் லொறி ஏன் கிடைக்கவில்லை, தோட்ட வைத்தியசாலை ஏன் பூட்டிக் கிடந்தது என்று கேட்பதும் விசுவாசத்துக்கு விரோதமானதல்ல. அது நமது கடமை.

சுவராக நிற்போம்

சீலோவாம் கோபுரத்தைப் பற்றிப் பேசிய உடனேயே ஆண்டவர் அத்திமர உவமையைச் சொன்னார். மூன்று வருடம் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடும்படி தோட்டச் சொந்தக்காரர் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஒரு வருடம் தவணை கேட்கிறார். எதற்காக? மரத்தைச் சுற்றிக் கொத்தி எரு போடுவதற்காக. மரம் தப்பியது அதன் தகுதியினால் அன்று. அதற்காக ஒருவர் பரிந்து பேசியதால். அந்தத் தவணையும் சும்மா இருப்பதற்காக அன்று, மண்வெட்டி எடுப்பதற்காக. அழிவில் தப்பியவர்களைப் பற்றி ஆண்டவர் சொல்ல விரும்பிய முழுப் பாடமும் இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால் விளங்கும்.

தோட்டம் செய்பவர்களுக்குத் தெரிந்த சில காரியங்கள் நமக்கும் உதவும். பனி விழும் என்று தெரிந்த மாலையில் சாக்கையோ மானாப்புல்லையோ கொண்டு செடியை மூடுகிறார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் பனிக்காலத்தில் மலர்ச் செடிகளைத் தழைகளால் மூடி வைக்கிறார்கள். பெரிய செலவில்லை, மாலையில் நினைவிருக்க வேண்டும், அவ்வளவுதான். வெயில் ஏறுமுன் இலையில் படிந்த பனியைத் தண்ணீர் தெளித்துக் கழுவுகிறார்கள். இவற்றோடு இன்னொரு பழக்கமும் உண்டு: கருகிய செடியை அன்றே பிடுங்கி எறியமாட்டார்கள். மேலே கறுத்திருந்தாலும் அடியில் உயிர் இருக்கக் கூடும். டேலியாவின் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். சில வாரம் பொறுத்திருந்து, தளிர் எங்கே விடுகிறது என்று பார்த்துத்தான் கத்தி வைப்பார்கள்.

நமது பங்கிலும் தோட்டத்திலும் கருகிப்போனவர்கள் என்று நாம் முடிவு கட்டியவர்கள் சிலர் இருப்பார்கள். குடியில் விழுந்தவன், பரீட்சையில் தோற்றவள், வெளிநாட்டு வேலைக்குப் போய் மனமுடைந்து திரும்பியவள். அவர்களைப் பிடுங்கி எறிய அவசரப்பட வேண்டாம். பிழைத்து நிற்பவர்களோ, தாங்கள் எந்தச் சுவரின் ஓரத்தில் நின்றோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். அரைப் பட்டினி கிடந்து பள்ளிக்கு அனுப்பிய தாய், இலவசமாகப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியர், கடனைத் திருப்பிக் கேட்காத கடைக்காரர். "நான் தனியாகவே முன்னுக்கு வந்தேன்" என்று சொல்பவன், தன் முதுகைச் சூடாக்கிய சுவரைப் பார்க்காதவன்.

பார்த்தவன் அதோடு நிற்கக் கூடாது. இன்று அவனும் யாருக்கோ சுவராக நிற்கும் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறான். இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: எங்களது லயத்தில், எங்களது தெருவில், இன்னும் ஓர் இரவு வெளியே நின்றால் கருகிவிடக் கூடியவர் யார்? பெயர் ஒன்று உங்கள் மனதில் வரும். "போன தடவை தப்பிவிட்டார், இந்தத் தடவையும் தப்பிவிடுவார்" என்று ஒரு குரலும் கூடவே வரும். அந்தக் குரலைக் கேட்காதீர்கள். இருட்டு முன் எழுந்து அவரது வீட்டுக்குப் போங்கள்.